ஒரே அட்டவணையை ஒரே கியூரியில் பல தடவை ஜொயின் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மென்பொருள் வேலைக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள் அட்டவணை, முதன்மைச் சாவி, அந்நியச் சாவி எல்லாவற்றையும் பாடசாலை ஐசிடி பாடத்திலேயே படித்துவிட்டு வருகிறார்கள். சாதாரண ஜொயின் (இரண்டு அட்டவணையின் வரிகளைச் சேர்த்து எடுப்பது) எழுதவும் தெரியும். ஒரே அட்டவணை ஒரே கியூரிக்குள் இரண்டாவது தடவை வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஓஆர்எம் (அட்டவணைகளை மாடல்களாகக் காட்டி எஸ்கியூஎல்லைத் தானே எழுதும் நூலகம்) நடுவில் இருந்தால் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். அப்படி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் பார்சல் சேர்ப்பிக்கும் ஒரு கூரியர் சேவை. 'பார்சல்' அட்டவணையில் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, மீள்முகவரி என்று மூன்று அந்நியச் சாவிகள். மூன்றும் 'முகவரி' என்ற ஒரே அட்டவணையைத்தான் காட்டுகின்றன. முகவரி ஒவ்வொன்றும் 'இடம்' அட்டவணையில் ஒரு இடத்தைச் சேர்ந்தது. இடத்தின் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பெயர்கள் 'இடப்பெயர்' என்ற தனி அட்டவணையில், மொழிக்கு ஒரு வரியாக இருக்கின்றன.

ஒரு தடவை ஜொயின் செய்தால் போதாதா? அட்டவணை ஒன்றுதானே?

அட்டவணை ஒன்றுதான், ஆனால் நாம் அதனிடம் கேட்கும் கேள்வி இரண்டு. புறக்கோட்டை கெய்சர் வீதியில் இருந்து ஒரு பார்சல் வெள்ளவத்தைக்குப் போகிறது. 'எங்கிருந்து?' என்பதற்கு முகவரி அட்டவணையின் ஒரு வரி பதில் சொல்கிறது, 'எங்கே?' என்பதற்கு வேறொரு வரி. ஒரு ஜொயின் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் பார்சலின் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும்.

ஒரே ஜொயினில் இரண்டு நிபந்தனையையும் 'அன்ட்' போட்டு எழுதிப் பாருங்கள். அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் ஒன்றாகவே இருக்கும் பார்சல்கள் மட்டும் வரும், அதாவது அநேகமாக ஒன்றும் வராது. 'ஓர்' போட்டால் ஒவ்வொரு பார்சலும் இரண்டு வரியாக வரும், எந்த வரி அனுப்புநர், எந்த வரி பெறுநர் என்று தெரியாது. சரியான வடிவம் இதுதான்:

ஃப்ரம் பார்சல்
ஜொயின் முகவரி அஸ் அனுப்புநர் ஒன் அனுப்புநர்.ஐடி = பார்சல்.அனுப்புநர்_முகவரி_ஐடி
ஜொயின் முகவரி அஸ் பெறுநர் ஒன் பெறுநர்.ஐடி = பார்சல்.பெறுநர்_முகவரி_ஐடி

ஒரே அட்டவணை இங்கே இரண்டு வகிபாகத்தில் வருகிறது. அலியாஸ் என்பது அந்த வகிபாகத்தின் பெயர். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும்.

அலியாஸ் வைக்காவிட்டால் என்ன ஆகும்?

தரவுத்தளம் கியூரியை ஏற்காது. போஸ்ட்கிரெஸ் 'அட்டவணைப் பெயர் ஒரு தடவைக்கு மேல் வந்திருக்கிறது' என்று சொல்லும். மைஎஸ்கியூஎல் 1066-ஆம் இலக்கப் பிழையைத் தரும். இது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். பிழையே வராமல் தவறான விடை வரும் இடங்கள்தான் ஆபத்தானவை, அவை பின்னால் வருகின்றன.

என் ஓஆர்எம் இதைத் தானாகச் செய்யுமா?

உறவின் பெயரைச் சொல்லிப் போனால் பெரும்பாலானவை செய்யும். அட்டவணையின் பெயரைச் சொல்லிப் போனால் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஜாங்கோவில் ஃபில்டருக்குள் அனுப்புநர் வழியாகவும் பெறுநர் வழியாகவும் இடத்தைத் தொட்டால், அது தானாகவே இரண்டு ஜொயின் போட்டு, இரண்டாவதற்கு டி3, டி4 என்ற மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். உறவின் வரிகளையும் சேர்த்து எடுக்கும் செலெக்ட்_ரிலேட்டட் கொடுத்தாலும் அப்படித்தான். என்டிட்டி பிரேம்வேர்க் கோரும் இதே போல அட்டவணைப் பெயரின் முதலெழுத்தை வைத்து அலியாஸ் உண்டாக்கும். ஹைபர்னேட்டில் ஜேபிகியூஎல் என்ற கியூரி மொழியில் எழுதும்போது ஒவ்வொரு ஜொயினுக்கும் நீங்களே பெயர் கொடுக்கிறீர்கள், அதனால் குழப்பம் குறைவு.

ரூபி ஒன் ரெயில்ஸில் ஒரு விதி இருக்கிறது. அட்டவணை முதல் தடவை வரும்போது அதன் சொந்தப் பெயரிலேயே வரும். இரண்டாவது தடவை வரும்போது உறவின் பெயரையும் தாய் அட்டவணையின் பெயரையும் சேர்த்து ஒரு அலியாஸ் கிடைக்கும். எனவே அனுப்புநர், பெறுநர் என்ற வரிசையில் ஜொயின் செய்துவிட்டு, அட்டவணையின் வெறும் பெயரைக் கொண்டு 'வேர்' (எந்த வரிகள் வேண்டும் என்ற நிபந்தனை) எழுதினால் அது அனுப்புநரைத்தான் பிடிக்கும். யாராவது ஒருநாள் அந்த வரிசையை மாற்றினால் அதே 'வேர்' பெறுநரைப் பிடிக்கும். பிழை ஒன்றும் வராது. ஓஆர்எம் தானாக வைக்கும் பெயர்களை நம்பிக் கையால் எஸ்கியூஎல் துண்டு எழுத வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

லாராவெலில் ஜொயின் என்பது கியூரி பில்டரின் வேலை, மாடலில் எழுதிய உறவு அதற்குத் தெரியாது. அட்டவணைப் பெயரோடு 'அஸ்' போட்டு அலியாஸை நீங்களே எழுத வேண்டும்.

எஸ்கியூஎல்அல்கெமி வெளிப்படையாகச் செய்யச் சொல்லும் கருவி. அலியாஸ்ட் என்ற ஃபங்ஷனால் முகவரி மாடலில் இருந்து இரண்டு பிரதியை உண்டாக்கி, அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு மாறியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய உறவோடு ஜொயின் செய்ய வேண்டும். அதன் பின் ஃபில்டரிலும் வரிசைப்படுத்தலிலும் அந்த மாறிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். தவறி மூல முகவரி மாடலையே ஃபில்டரில் எழுதினால், அது மூன்றாவது ஒரு முகவரி அட்டவணையாக 'ஃப்ரம்' பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஜொயின் நிபந்தனை இல்லை, எனவே வரிகள் பெருகும். 1.4 பதிப்பில் இருந்து இதற்குக் கார்ட்டீசியன் பெருக்கம் என்று எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கை லொக்கில் வந்தால் தயவுசெய்து கடந்து போகாதீர்கள்.

ஜொயின்ட்லோட் போட்டிருக்கிறேன், ஆனால் அதன் மேல் ஃபில்டர் செய்ய முடியவில்லை. ஏன்?

எஸ்கியூஎல்அல்கெமியில் ஜொயின்ட்லோட் (உறவின் வரிகளையும் அதே கியூரியில் ஏற்றச் சொல்வது) போடும் ஜொயினுக்கு ஓஆர்எம் தனக்கென ஒரு பெயரில்லா அலியாஸ் வைக்கிறது. உங்கள் ஃபில்டரால் அதைத் தொட முடியாது, வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஃபில்டரும் வேண்டும், அதே வரிகளை உறவுக்குள் நிரப்பவும் வேண்டும் என்றால், ஜொயினை நீங்களே எழுதி, கன்டெய்ன்ஸ்_ஈகரிடம் அந்த அலியாஸைக் காட்டிக் கொடுங்கள்.

கியூரிக்குப் போகும் முன், மாடல் எழுதும்போதே பிழை வருகிறது.

ஒரே அட்டவணைக்கு இரண்டு அந்நியச் சாவி இருக்கும்போது ஓஆர்எம்முக்கு எது எந்த உறவுக்கு என்று தெரியாது. ஜாங்கோவில் இ304 பிழை வரும். முகவரியில் இருந்து பார்சலுக்குத் திரும்பிப் போகும் பெயர் இரண்டு உறவுக்கும் ஒன்றாகிவிட்டது என்பது அதன் பொருள். ரிலேட்டட்_நேமில் 'இங்கிருந்து போன பார்சல்கள்', 'இங்கே வந்த பார்சல்கள்' என்று பொருள்படும் இரண்டு பெயர் கொடுங்கள். எஸ்கியூஎல்அல்கெமியில் ஒவ்வொரு உறவுக்கும் ஃபோரின்_கீஸ் எதுவென்று சொல்ல வேண்டும். என்டிட்டி பிரேம்வேர்க் கோரில் இன்வர்ஸ்ப்ரொப்பர்ட்டி அல்லது ஃப்ளூயன்ட் அமைப்பால் சொல்லலாம்.

எஸ்கியூஎல் சேர்வர் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று. இரண்டு அந்நியச் சாவிக்கும் 'அழித்தால் தொடர்ந்து அழி' என்று வைத்தால், பல வழிகளில் அழிப்பு வருகிறது என்று 1785-ஆம் இலக்கப் பிழை வந்து அட்டவணையே உருவாகாது. ஒன்றிலாவது அதை நீக்க வேண்டும். முகவரி விஷயத்தில் இரண்டிலும் நீக்குவதுதான் சரி. ஒரு முகவரியை அழித்ததற்காகப் பழைய பார்சல் விபரம் அழியக் கூடாது.

அலியாஸுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

வகிபாகத்தின் பெயரை வையுங்கள். முகவரி1, முகவரி2 என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து அந்தக் கியூரியைத் திருத்துபவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழிலேயே அலியாஸ் வைக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. போஸ்ட்கிரெஸ் ஏற்கும். ஆனால் அங்கே ஒரு பெயருக்கு 63 பைட் தான் இடம். யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும், புள்ளியும் கால் கொம்புகளும் தனித்தனிக் குறியீடுகள். எனவே 21 குறியீட்டுக்கு மேல் போனால் பெயர் வெட்டுப்படும். 'புறக்கோட்டை' என்பதற்கே 11 போய்விடும்.

அனுப்புநரின் பெயரும் பெறுநரின் பெயரும் ஒன்றாகவே வருகிறது. தரவு பழுதா?

தரவு சரியாகத்தான் இருக்கும். இரண்டு பக்கத்திலும் 'பெயர்' என்ற ஒரே நிரல் இருப்பதால் விடையில் ஒன்றை மற்றது மூடிவிட்டது. லாராவெலில் ஜொயின் செய்துவிட்டு எல்லா நிரலையும் நட்சத்திரம் போட்டு எடுத்தால் இது கட்டாயம் நடக்கும். பார்சலின் ஐடியையே முகவரியின் ஐடி மூடிவிட்டால், அந்த மாடலைச் சேமிக்கும்போது வேறொரு பார்சலில் போய் எழுதும். தேவையான நிரல்களை மட்டும், அனுப்புநர்_பெயர், பெறுநர்_பெயர் என்று தனித்தனிப் பெயர் கொடுத்து எடுங்கள்.

ஜொயின் போட்டதும் சில பார்சல்கள் பட்டியலில் இருந்து காணாமல் போகின்றன.

மீள்முகவரி எல்லாப் பார்சலுக்கும் இருக்காது, பல வரிகளில் அது வெறுமையாக இருக்கும். இன்னர் ஜொயின் அப்படிப்பட்ட பார்சல்களை வெளியே தள்ளிவிடும். லெஃப்ட் ஜொயின் வேண்டும். இவ்வளவு தூரம் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாமல் போவது அடுத்த படி. மீள்முகவரியை லெஃப்ட் ஜொயினாகப் போட்டுவிட்டு, அந்த முகவரியில் இருந்து இடத்துக்கு இன்னர் ஜொயின் போட்டால், முதல் படியில் காப்பாற்றிய வரிகள் இரண்டாவது படியில் விழுந்துவிடும். லெஃப்ட் ஜொயினுக்குப் பின்னால் அதே சங்கிலியில் வரும் எல்லாமே லெஃப்ட் ஜொயினாக இருக்க வேண்டும். ஜாங்கோ இதைத் தானாகக் கவனித்துக்கொள்கிறது. எஸ்கியூஎல்அல்கெமியிலும் லாராவெலிலும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இடப்பெயர் வேண்டும். ஒரே அட்டவணையை மூன்று தடவை ஜொயின் செய்வதா?

ஆம். இலங்கையில் மென்பொருள் எழுதுபவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் வரும். சிங்களமும் தமிழும் ஆட்சி மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. மூன்றிலும் பெயர் காட்ட முடியாத திரை இங்கே முழுமையான திரை ஆகாது.

இங்கே மூன்று ஜொயினும் ஒரே சாவியில், ஒரே இட ஐடியில் நடக்கின்றன. அவற்றை வேறுபடுத்துவது மொழி நிபந்தனை மட்டும்தான். அந்த நிபந்தனையை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது:

லெஃப்ட் ஜொயின் இடப்பெயர் அஸ் தமிழ்ப்பெயர் ஒன் தமிழ்ப்பெயர்.இட_ஐடி = பெறுநர்.இட_ஐடி அன்ட் தமிழ்ப்பெயர்.மொழி = 'தமிழ்'

மொழி 'ஒன்' பகுதிக்குள்ளேயே இருக்கிறது. இதையே 'வேர்' பகுதிக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? ஹோமாகம பக்கம் ஒரு சிறிய இடத்துக்கு இன்னும் யாரும் தமிழ்ப் பெயர் பதியவில்லை என்று வையுங்கள். லெஃப்ட் ஜொயின் அந்த வரியை வெறுமையோடு வைத்திருக்கும், ஆனால் 'வேர்' பகுதி 'மொழி தமிழாக இருக்க வேண்டும்' என்று கேட்டதும் அது விழுந்துவிடும். சிங்களத் திரையில் அந்தப் பார்சல் இருக்கும், தமிழ்த் திரையில் இருக்காது. தமிழ்த் திரையைப் பார்த்து வேலை செய்யும் ஓட்டுநர் அந்தப் பார்சலை ஏற்றாமலே புறப்பட்டுவிடுவார். தமிழ்ப் பெயர் பதியவில்லை என்பது சின்னக் குறை. அதற்காகப் பார்சலே மறைவது பெரிய அநியாயம். சோதித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத் திரையில் பார்ப்பதால் இது நெடுநாள் பிடிபடாமலும் இருக்கும்.

எனவே நிபந்தனை 'ஒன்' பகுதியில். பெயரைக் காட்டும்போது கோலெஸ் கொண்டு தமிழ், அது இல்லாவிட்டால் ஆங்கிலம், அதுவும் இல்லாவிட்டால் சிங்களம் என்று வரிசை கொடுங்கள். அப்புறம், இட ஐடியும் மொழியும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று யுனீக் கட்டுப்பாடு போடுங்கள். அது இல்லாவிட்டால் யாராவது 'வெள்ளவத்தை'யைத் தமிழில் இரண்டு தடவை பதிந்த அன்று, அங்கே போகும் எல்லாப் பார்சலும் இரட்டிப்பாகத் தெரியும்.

ஓஆர்எம்களில் இதைச் செய்யும் வழி: ஜாங்கோவில் ஃபில்டர்ட்ரிலேஷன். இது 2.0 பதிப்பில் வந்தது, பல படி தாண்டிப் போகும் உறவுகளுக்கு 3.2-இல் இருந்து வேலை செய்கிறது. லாராவெலில் லெஃப்ட்ஜொயினுக்கு ஒரு குளோஷர் (பெயரில்லா ஃபங்ஷன்) கொடுத்து, அதற்குள்ளே 'வேர்' எழுதினால் அது 'ஒன்' பகுதிக்குப் போகும். ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா நியமமான ஜேபிஏ-வில் 2.1 பதிப்பில் இருந்து ஜொயினுக்கு 'ஒன்' எழுதலாம். ரெயில்ஸில் 'தமிழ்ப்பெயர்' என்று மொழி நிபந்தனையோடு ஒரு தனி உறவு வரையறுத்து, அதை லெஃப்ட்_அவுட்டர்_ஜொயின்ஸில் கொடுங்கள். எஸ்கியூஎல்அல்கெமியில் அலியாஸ் வைத்து அவுட்டர் ஜொயினின் நிபந்தனையை நீங்களே எழுதலாம். எனக்கு இதுதான் பிடித்த வழி, என்ன நடக்கிறது என்று வாசித்தாலே தெரியும்.

அனுப்புநருக்கு மூன்று மொழி, பெறுநருக்கு மூன்று மொழி என்றால் இடப்பெயர் அட்டவணை ஆறு தடவை வருகிறது. பெரும்பாலும் அது தேவையில்லை. பார்ப்பவரின் மொழி ஒன்று, மாற்று மொழி ஒன்று என்று பக்கத்துக்கு இரண்டு போதும். இடப்பெயர்கள் அடிக்கடி மாறுவதில்லை என்பதால், முழுப் பட்டியலையும் செயலி தொடங்கும்போதே நினைவகத்தில் ஏற்றிவைத்து, கியூரியில் இட ஐடியை மட்டும் எடுப்பதும் நல்ல வழி. ஆனால் பெயரைக் கொண்டு தேடவோ வரிசைப்படுத்தவோ வேண்டுமென்றால் ஜொயின்தான்.

ஒரு வாடிக்கையாளர் அனுப்பியது 4, பெற்றது 3. ஆனால் கியூரி இரண்டுக்கும் 12 என்கிறது.

4-ஐ 3-ஆல் பெருக்கிப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது.

இதுவரை பார்த்த ஜொயின்கள் பார்சலில் இருந்து முகவரிக்குப் போனவை. ஒரு பார்சலுக்கு ஒரு அனுப்புநர் முகவரிதான், எனவே வரிகள் பெருகாது. இப்போது திசை மாறுகிறது. ஒரு வாடிக்கையாளரில் இருந்து பார்சல் அட்டவணைக்கு இரண்டு தடவை போகிறோம், அனுப்பியவை என்று ஒரு தடவை, பெற்றவை என்று இன்னொரு தடவை. செட்டியார் தெருவில் ஒரு கடைக்காரர் 4 பார்சல் அனுப்பி 3 பெற்றிருந்தால், தரவுத்தளம் ஒவ்வொரு அனுப்பியதையும் ஒவ்வொரு பெற்றதோடும் சேர்த்து 12 வரி உண்டாக்கும். இரண்டு கவுன்ட்டும் அந்த 12-ஐத்தான் எண்ணுகின்றன.

கவுன்ட்டில் டிஸ்டின்க்ட் (ஒரே மதிப்பை ஒரு தடவை மட்டும் எடு என்பது) போட்டால் 4-ம் 3-ம் சரியாக வந்துவிடும். கூட்டுத்தொகைக்கு அது உதவாது. அனுப்பிய நான்குக்கும் தலா 450 ரூபாய் கட்டணம் என்றால் சரியான தொகை 1,800. ஜொயினுக்குப் பின் கூட்டினால் 5,400 வரும். டிஸ்டின்க்ட் போட்டுக் கூட்டினால், ஒரே தொகைகள் ஒன்றாகிவிடுவதால், 450 வரும். இரண்டுமே பிழை, இரண்டுமே பார்வைக்கு நம்பக்கூடிய தொகைகள். பணம் சம்பந்தப்பட்ட அறிக்கையில் இது போனால் யாரோ ஒருவர் கணக்குத் தீர்க்கும்போது சண்டை போட வேண்டி வரும்.

ஒன்றையும் பெறாத வாடிக்கையாளருக்கு விடை சரியாகவே வரும், ஏனென்றால் அந்தப் பக்கம் வெறுமையான ஒரே வரிதான். ஒரேயொரு பார்சல் அனுப்பி ஒரேயொரு பார்சல் பெற்றவருக்கும் சரி. அதனால் சோதனைத் தரவில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இந்த மாதிரிக் கியூரிக்குச் சோதனை எழுதும்போது இரண்டு பக்கத்திலும் குறைந்தது இரண்டு வரி இருக்கட்டும், எண்ணிக்கைகள் வேறுவேறாக இருக்கட்டும்.

திருத்தும் வழி: ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக எண்ணி, கூட்டி, அதன் விடையை மட்டும் வாடிக்கையாளரோடு சேர்ப்பது. ஜாங்கோவில் 1.11 முதல் சப்கியூரியும் (கியூரிக்குள் கியூரி), அதற்குள் இருந்து வெளிக் கியூரியைக் காட்டும் அவுட்டர்ரெஃபும் இருக்கின்றன. எஸ்கியூஎல்அல்கெமியில் வாடிக்கையாளர் ஐடியால் குரூப் செய்த இரண்டு சப்கியூரி எழுதி, இரண்டையும் லெஃப்ட் ஜொயின் செய்யலாம். லாராவெலின் வித்கவுன்ட், வித்சம் இரண்டும் சப்கியூரியாகத்தான் போகின்றன, எனவே அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

தமிழும் சிங்களமும் இரண்டும் தெரிந்த ஓட்டுநர்களை எடுப்பது எப்படி?

ஓட்டுநர்மொழி என்ற அட்டவணையில் ஓட்டுநருக்கும் மொழிக்கும் ஒரு வரி. 'மொழி தமிழ் அன்ட் மொழி சிங்களம்' என்று கேட்டால் யாரும் வர மாட்டார்கள், ஒரு வரியில் ஒரு மொழிதான் இருக்க முடியும். அட்டவணையை இரண்டு தடவை ஜொயின் செய்து ஒன்றில் தமிழையும் மற்றதில் சிங்களத்தையும் கேட்க வேண்டும். இந்த இரண்டு மொழி வரிகளை மட்டும் எடுத்து, ஓட்டுநர் வாரியாகக் குரூப் செய்து, வேறுபட்ட மொழிகளின் எண்ணிக்கை 2 என்று ஹேவிங் போடுவதும் சரி. மொழிகளின் பட்டியல் பயனர் தெரிவு செய்வது என்றால் இரண்டாவது வழிதான் வசதி.

ஜாங்கோவில் இந்த வேறுபாடு ஒரு புள்ளியில் ஒளிந்திருக்கிறது. பல வரிகள் கொண்ட உறவில், ஒரே ஃபில்டருக்குள் இரண்டு நிபந்தனை கொடுத்தால் இரண்டும் ஒரே வரிக்குப் பொருந்த வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் இன்னொரு ஃபில்டர் போட்டால் புதிய ஜொயின் வரும், இரண்டு நிபந்தனையும் வேறுவேறு வரிக்குப் பொருந்தலாம். ஓட்டுநர் கேள்விக்குச் சங்கிலி ஃபில்டர் சரி. '2024-இல் திரும்பி வந்த பார்சல் உள்ள வாடிக்கையாளர்' என்ற கேள்விக்கு அதே சங்கிலி பிழை. எப்போதோ ஒரு பார்சல் திரும்பி வந்து, 2024-இல் வேறொரு பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவரும் அதில் வந்துவிடுவார். எக்ஸ்குளூட் (பொருந்துபவற்றை விலக்குவது) இந்த விதிப்படி நடப்பதில்லை. அங்கே ஒரே அழைப்பில் கொடுத்த இரண்டு நிபந்தனையும் ஒரே வரியைத்தான் குறிக்கும் என்று நம்ப முடியாது.

இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும் இடத்தில் நான் ஜொயினை விட எக்ஸிஸ்ட்ஸையே விரும்புவேன். வரிகள் பெருகாது, டிஸ்டின்க்ட் தேவையில்லை. லாராவெலில் வேர்ஹேஸ், எஸ்கியூஎல்அல்கெமியில் எனி.

ஸ்பிரிங்கில் இரண்டு ஸ்பெசிஃபிகேஷனைச் சேர்த்தால் ஒரே ஜொயின் இரண்டு தடவை வருகிறது.

ஸ்பெசிஃபிகேஷன் என்பது கியூரி நிபந்தனையைத் தனித் துண்டாக எழுதி வைப்பது. இது தேவையில்லாத இரட்டிப்பு. கிரைட்டீரியாவில் ரூட்டின் (கியூரி தொடங்கும் மாடலின்) ஜொயினை எத்தனை தடவை அழைத்தாலும் அத்தனை தடவை புதிய ஜொயின் வரும். பெறுநர் இடத்துக்கு ஒரு ஸ்பெசிஃபிகேஷன், பெறுநர் பெயருக்கு இன்னொன்று என்று எழுதினால் முகவரி இரண்டு தடவை வரும். ரூட்டில் ஏற்கெனவே உள்ள ஜொயின்களைக் கெட்ஜொயின்ஸால் பார்த்து, இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள்.

அட்டவணை தன்னையே காட்டும்போது?

'இடம்' அட்டவணையில் 'மேல் இடம்' என்ற அந்நியச் சாவி அதே அட்டவணையைக் காட்டுகிறது என்று வையுங்கள். வெள்ளவத்தையின் கிராம அலுவலர் பிரிவுகள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலாளர் பிரிவுக்குள், அது கொழும்பு மாவட்டத்துக்குள், அது மேல் மாகாணத்துக்குள். நான்கு படி, எப்போதும் நான்கு படிதான். இந்த மாதிரி ஆழம் மாறாத இடத்தில் பிரிவு, பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று நான்கு அலியாஸில் மூன்று ஜொயின் எழுதுவதே நேர்த்தி. தன் விடையையே திரும்பத் திரும்பத் தொடும் ரிக்கர்சிவ் கியூரி ஒன்றும் தேவையில்லை.

ஒரு நிறுவனத்தில் யாருக்கு மேலே யார் என்பது போல ஆழம் தெரியாத இடத்தில் வித் ரிக்கர்சிவ் வேண்டும். போஸ்ட்கிரெஸில் 8.4 முதலும் மைஎஸ்கியூஎல்லில் 8.0 முதலும் அது இருக்கிறது. எஸ்கியூஎல்அல்கெமி அதை நேரடியாக எழுத விடுகிறது. ஜாங்கோவில் உள்ளேயே அந்த வசதி இல்லை, தனி நூலகம் அல்லது நேரடி எஸ்கியூஎல் தேவைப்படும். எஸ்கியூஎல்அல்கெமியில் தன்னையே காட்டும் உறவுக்கு ரிமோட்_சைட் கொடுக்க மறந்தால் அது மேலே போவதற்குப் பதிலாகக் கீழே போகும்.

இத்தனை தடவை ஜொயின் செய்தால் மெதுவாகாதா?

ஒரே சிறிய அட்டவணையை இரண்டாவது தடவை தொடுவது தரவுத்தளத்துக்குப் பெரிய வேலை இல்லை. அதன் பக்கங்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும். முதலில் இன்டெக்ஸைப் (வரியை விரைவாகத் தேட உதவும் சுட்டி) பாருங்கள். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அந்நியச் சாவிக்குத் தானாக இன்டெக்ஸ் போடும், போஸ்ட்கிரெஸ் போடாது. அனுப்புநருக்குப் போட்டுவிட்டுப் பெறுநருக்கு மறந்தால், வெள்ளவத்தையில் இருந்து போனவை உடனே வரும், வெள்ளவத்தைக்கு வந்தவை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எண்ணிக்கைக்கும் எல்லை இருக்கிறது. ஒரு ஜொயினில் மைஎஸ்கியூஎல் 61 அட்டவணையும் எஸ்கியூலைட் 64-ம் தான் ஏற்கும். அதை எட்டுவது அரிது. போஸ்ட்கிரெஸில் ஜொயின்_கொலாப்ஸ்_லிமிட் வழமையாக 8. அதைத் தாண்டினால் தரவுத்தளத்தின் திட்டமிடும் பகுதி எல்லா வரிசையையும் முயன்று பார்க்காமல் நீங்கள் எழுதிய வரிசையை ஓரளவு பின்பற்றத் தொடங்கும். பார்சல் ஒன்று, முகவரி இரண்டு, இடம் இரண்டு, இடப்பெயர் ஆறு என்றால் 11 ஆகிவிட்டது. இடப்பெயரில் இட ஐடி இருப்பதால் நடுவில் உள்ள இடம் அட்டவணையைத் தொடாமலே பெயருக்குப் போகலாம், அங்கேயே இரண்டு குறையும்.

அழித்ததாகக் குறித்த முகவரிகள் ஜொயினில் வந்துவிடுகின்றன.

லாராவெலின் சொஃப்ட் டிலீட் நிபந்தனை மூல மாடலுக்கு மட்டும்தான், கையால் ஜொயின் செய்த அட்டவணைக்கு இல்லை. ஜாங்கோவில் நீங்கள் எழுதிய மேனேஜரின் ஃபில்டரும் ஜொயினுக்குள் போகாது. ஒவ்வொரு அலியாஸுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், லெஃப்ட் ஜொயின் என்றால் 'ஒன்' பகுதியில். என்டிட்டி பிரேம்வேர்க் கோரில் நேர்மாறு: குளோபல் ஃபில்டர் உறவுக்குள்ளும் போகும், கட்டாய உறவு என்றால் இன்னர் ஜொயினாக மாறிப் பார்சலையே மறைத்துவிடும்.

உண்மையில் என்ன ஓடுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஜாங்கோவில் கியூரிசெட்டின் கியூரியை அச்சிடுங்கள். எஸ்கியூஎல்அல்கெமியில் என்ஜினுக்கு எக்கோ போடுங்கள். லாராவெலிலும் ரெயில்ஸிலும் டு எஸ்கியூஎல், என்டிட்டி பிரேம்வேர்க் கோரில் டுகியூரிஸ்ட்ரிங். வந்த எஸ்கியூஎல்லில் ஒவ்வொரு ஜொயினுக்கும் பக்கத்தில் அதன் வகிபாகத்தை எழுதிப் பாருங்கள். எந்த ஜொயினுக்கு வகிபாகம் எழுத முடியவில்லையோ அது தேவையில்லாமல் வந்தது. ஒரே வகிபாகம் இரண்டு ஜொயினுக்கு வந்தால் அதுவும் அப்படியே.

தற்காலிக அட்டவணையை இரண்டு தடவை ஜொயின் செய்தால் மைஎஸ்கியூஎல் மறுக்கிறது. அலியாஸ் சரியாகத்தான் இருக்கிறது.

மைஎஸ்கியூஎல்லில் டெம்பரரி அட்டவணையை ஒரே கியூரியில் ஒரு தடவைக்கு மேல் தொட முடியாது, 1137-ஆம் இலக்கப் பிழை வரும். அலியாஸ் உதவாது. 8.0 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு என்றால் அந்த டெம்பரரி அட்டவணைக்குப் பதிலாக 'வித்' (கியூரியின் தொடக்கத்தில் பெயர் வைத்து எழுதும் சப்கியூரி) எழுதுங்கள், அதை எத்தனை தடவையும் ஜொயின் செய்யலாம். பழைய பதிப்பு என்றால் இன்னொரு பெயரில் இரண்டாவது டெம்பரரி அட்டவணை உண்டாக்க வேண்டியதுதான்.